‘நான்’ எல்லாம் ‘நாள்’ ஆன மாதம்

போன மாதம் மூன்று பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். மூவரும் கல்லூரியில் படிக்கும் திருநங்கைகள். கைப்பேசியில் பேய்க்கதை எழுதுகிறார்கள். படிக்க ஆள் நிறைய இருக்கிறதாம். “அக்கா, அப்பவே நம்மள கதாநாயகியா வெச்சு திகில் நாவல் எழுதினீங்களாமே, எப்படி விட்டாங்க?” என்று கேட்டார்கள். யாரும் விடவில்லை, அந்த மாதம் எழுத வேறு ஆள் இல்லை என்றேன். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், எங்கள் இதழில் போடுகிறோம் என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளட்டும். கணினியில் மொத்தமாகத் திருத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை விளைகிற ஒரு கிராமத்தில் பிறந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போனேன். விசாகப்பட்டினத்தில் பாத்திரம் கழுவினேன், சோலாப்பூரில் கடை கடையாகக் கை தட்டினேன், புனேயில் ஒரு வருடம் துணி தேய்த்தேன். நடுவில் அடி வாங்கியதும் உண்டு, அறுவை செய்துகொண்டு நாற்பது நாள் படுத்ததும் உண்டு. எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. கடைசியில் திருவண்ணாமலைக்கு வந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. இங்கே காவி கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் சோறு போடுவார்கள், காவிக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படி ஒரு நாள் கிரிவலப் பாதையில் ஒரு சுவரொட்டியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். “நமது சிரமத்தில் தினமும் அன்னதானம் நடைபெறும்” என்று இருந்தது. ஆசிரமத்தில் ‘ஆ’ விழுந்துவிட்டது. பசை வாளியோடு நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். அதை அடித்த அச்சகத்தின் முதலாளி கஜேந்திரன் அவரே. “இருபது பேரு பாத்தாங்க, ஒருத்தனும் சொல்லல. வேலைக்கு வர்றியாம்மா?” என்றார். மறுநாள் காவியை அவிழ்த்துப் புடவை கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், “பேரு இன்னா?” என்றார். மேகலா என்றேன். “உக்காரு மேகலா” என்று அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். பிழை திருத்த நான் கற்றுக்கொண்டது ஒரு வாரத்தில். பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தேன். அச்சகத்தின் பின்னறையில்தான் படுக்கை.

கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா அழைப்பிதழ் எல்லாம் அடிப்போம். ஆனாலும் அச்சகத்தின் பெயர் வெளியே தெரிந்தது மாத நாவலால். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கான திகில் நாவல். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தை நம்பி மாதாமாதம் பௌர்ணமிக்கு முன்னால் பேருந்து நிலையக் கடைகளுக்குப் புத்தகக் கட்டு போய்விட வேண்டும்.

முதலாளிக்குப் பேய் என்றால் உண்மையிலேயே பயம். அதனால் எங்கள் அச்சகத்தில் பேய்களுக்கு இருந்த சட்டதிட்டம் மனிதர்களுக்கு இல்லை. மூன்றாம் பக்கத்துக்குள் பேய் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நடக்கும் காட்சியில் ரத்தம் கூடாது. அரசு ஊழியரைப் பேயாக்கக் கூடாது, ஓய்வு பெற்றவர் என்றால் பரவாயில்லை. பேய்க்கு மரியாதை கொடுக்கக் கூடாது. “பேய் வந்தார்னு எழுதினா எவன் பயப்படுவான்? வந்தான்னு போடு” என்பார். கிரிவலப் பாதைக்கு உள்பக்கம் எந்தப் பேயும் காலெடுத்து வைக்கக் கூடாது, அது அண்ணாமலையானின் எல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மாலை ஆறு மணிக்குப் பிறகு பேய்க்கதைத் தாளை யாரும் தொடக் கூடாது. ஐந்தேமுக்காலுக்கே எல்லாவற்றையும் வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டுக்குத் திருநீறு பூசிவிட்டு வீட்டுக்குப் போவார்.

கதையை அவர் சரிபார்க்கும் விதமும் தனி. நாற்காலியைச் சுவரோடு சுவராகப் போட்டு உட்காருவார், முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கக் கூடாது. ரேஷன் பட்டியலைப் படிப்பதுபோல் உரக்கப் படிப்பார். நடுவில் சட்டென்று நிறுத்தி, “போதும், நல்லா இருக்குது” என்று தாளைக் கவிழ்த்தால் அந்த நாவல் தேறிவிட்டது என்று பொருள். கடைசிவரை படித்து முடித்துவிட்டால் திரும்ப எழுத வேண்டும்.

பாதைக்கு வெளியே என்று சொல்லிவிட்டதால் பல வருடம் எங்கள் பேய்களெல்லாம் வேங்கிக்காலில்தான் குடியிருந்தன. ஒரு நாள் அங்கே மனை விற்கும் தரகர் ஒருவர் வந்தார். “சார், உங்களால யாவாரம் படுத்துடுச்சு. மனை பாக்க வர்றவங்க, இங்க ஆவி ஜாஸ்தியாமேன்னு கேக்கறாங்க. கொஞ்சம் வேற பக்கம் தள்ளிப் போடுங்க.”

“எந்தப் பக்கம்?” என்றார் முதலாளி, ஏதோ மின்கம்பத்தை மாற்றி நடுவதுபோல.

“கீழ்பென்னாத்தூர் ரோடு. அங்க நமக்கு சைட் இல்ல.”

அந்த மாதமே பேய்களை இடம் மாற்றினோம். அதே மாதம் எங்களுக்கு வழக்கமாக எழுதிக்கொண்டிருந்தவர் சென்னைக்குத் தொடர் எழுதப் போய்விட்டார். பௌர்ணமிக்குப் பதினைந்து நாள் இருந்தது. “நான் எழுதறேன்” என்றேன்.

கதையைச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் சாலையில் மூடிக் கிடக்கும் ஒரு டுடோரியல். அதை நடத்திச் செத்துப்போன ஓய்வுபெற்ற வாத்தியாரின் பேய் பட்டப்பகலில் வருகைப் பதிவேட்டோடு வரும். பெயர் கூப்பிடும். “உள்ளேன் ஐயா” என்று சொன்னவர்கள் உள்ளேயே இருக்க வேண்டியதுதான், உயிரோடு வெளியே வர முடியாது. ரேகா என்று ஒரு பெண், பதினேழு வயது, திருநங்கை. பேய் அவளைப் பதிவேட்டில் இருக்கும் பழைய பெயரால் கூப்பிடுகிறது. அது அவள் பெயர் இல்லை, அதனால் அவள் பதில் சொல்வதில்லை. பேயால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

முதலாளி கன்னத்தைச் சொறிந்தார். “அந்தப் பொண்ணையே பேயா வெச்சிடேன். ஜனங்க ஒத்துக்கும்.”

“உயிரோட இருந்தா ஒத்துக்கமாட்டாங்களா?”

“உயிரோட இருந்தா கேள்வி கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும் முதலாளி. பதினஞ்சு நாள்தான் இருக்குது.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது. முதல் பாகத்தை எழுதினேன். பேய் ரேகாவின் எதிரில் வந்து நின்று கூப்பிடுவதோடு நிறுத்தி, அடுத்த மாதம் முடிவு என்று போட்டோம். பழைய பெயரை மட்டும் எனக்கு எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தில் புள்ளி வைத்தேன்.

“இன்னாம்மா இது? பேய் வந்து ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ன்னா கூப்பிடும்?” என்றார் முதலாளி. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே தாளைக் கவிழ்த்துவிட்டார். புள்ளியோடே அச்சாகிப் போனது.

பௌர்ணமி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி எங்கள் நாவலைக் கம்பு மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

“இங்க பேய்க்கதை எழுதறது யாரு?”

முதலாளி ஒரு விநாடிகூட யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

“எம்புள்ள பேரு உங்களுக்கு யாரு சொன்னது? எங்க புள்ள பேரப் போட்டு பேயி கூப்பிடுதுன்னு எழுதியிருக்கறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நான் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் ஒரு பையனின் பெயர் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, “இது பென்சில்ம்மா. நாங்க பென்சில்ல அச்சடிக்கறது இல்ல” என்றார்.

அந்த அம்மா பெயர் தேவகி. கீழ்பென்னாத்தூரில் தையல் வேலை. தண்ணீர் குடித்த பிறகு கோபம் இறங்கிப் பேசினார். “பன்னெண்டாவது படிக்குதுங்க. வீட்ல எங்கிட்ட மட்டும் தாமரைன்னு கூப்பிடச் சொல்லும். கூப்பிடுவேன், எனக்கின்னா. இந்த புக்கு வந்ததுலேர்ந்து பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேரு கூப்பிட்டா வாயே தொறக்கறது இல்ல. எதிர்லயே உக்காந்துனு இருக்குது, அவரு ஆப்சென்ட் போட்டுடறாரு. ஏன்டா, ஏன்டின்னு கேட்டா, பதில் சொன்னா புடிச்சிக்கும்மான்னு சொல்லுது. முன்னாடியே நாள் கம்மி. இன்னும் பதினஞ்சு நாள் போச்சுன்னா ஹால் டிக்கெட் கெடையாதாம்.”

எட்டாம் வகுப்பில் நானும் அப்படித்தான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பேய் பயமெல்லாம் இல்லை, கூப்பிட்டது என்னைத்தான் என்று தோன்றவில்லை. பிறகு பதிவேட்டில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள்.

தேவகி சொன்னார்: “நீங்கதானே எழுதினீங்க, நீங்களே மாத்துங்க. அடுத்த புக்குல அந்த ரேகாப் பொண்ணு உள்ளேன் ஐயான்னு சொல்லிடட்டும். எம்புள்ளயும் சொல்லிடும்.”

“சொன்னா அவ செத்துடுவாம்மா.”

“கதையிலதானே?”

“செத்தா உங்க புள்ள இன்னா பண்ணும்?”

தேவகி யோசித்தார். “அழும். பரீட்சைக்குப் போவாது.”

சாப்பாட்டு வேளை வரை நாங்கள் நான்கு பேரும் பேயின் சட்டத்தை ஆராய்ந்தோம். நாலாவது ஆள் லோகு, எங்கள் கணினியில் தட்டச்சு செய்பவர், நாற்பது வயது, எதற்கும் பதற மாட்டார். ரேகா கையைத் தூக்கினால் என்ன என்றார் முதலாளி. கையைத் தூக்குவதும் பதில்தான் என்றேன். இருமினால்? பேய் இருமலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றார் தேவகி, அதற்குள் அவருக்கும் பேயின் குணம் பிடிபட்டிருந்தது. “மிஸ்டு கால் குடுக்கலாம்” என்றார் லோகு. அவர் கிண்டல் செய்யவில்லை. ரேகா பதில் சொன்னால் சாக வேண்டும், சொல்லாவிட்டால் தாமரைக்கு ஒரு வருடம் போய்விடும். ஒன்றுக்கும் வழி தெரியாமல் தேவகியை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.

வழி கிடைத்தது ரேஷன் கடையில். வரிசையில் நின்றேன். எடை போடுகிறவர் அட்டையைப் பார்த்து ஒரு பெரியவர் பெயரைக் கூப்பிட்டார். முன்னால் நின்ற பெண் மஞ்சள் பையை நீட்டி, “அவரு வரலீங்க, நான் வந்திருக்கேன்” என்றார். எடை போடுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அரிசியைக் கொட்டினார். நான் என் அரிசியை வாங்காமலே அச்சகத்துக்கு ஓடினேன்.

இரண்டாம் பாகத்தின் உச்சக் காட்சியை அப்படி எழுதினேன். பேய் பழைய பெயரைக் கூப்பிடுகிறது. ரேகா எழுந்து நிற்கிறாள். “அவன் வரவில்லை ஐயா. நான் வந்திருக்கிறேன்” என்கிறாள். பேய் பதிவேட்டைப் புரட்டுகிறது. வராதவனுக்கு ஒரு குறி, வந்தவளுக்கு ஒரு குறி, இரண்டையும் ஒரே கட்டத்தில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. முதலாளி இந்த இடத்தில் தாளைக் கவிழ்க்கவில்லை. திரும்ப ஒரு முறை படித்தார். “அப்ப செத்தவன் யாருமே இல்லையா?” என்று கேட்டார், கொஞ்சம் வருத்தமாக. இல்லை என்றேன்.

இனி லோகுவின் பங்கு. என் கையெழுத்தில் ன்-னும் ள்-ளும் ஒரே சாயலாக இருக்கும், படிப்பு அவ்வளவுதான். அவசரத்தில் தட்டச்சு செய்த லோகு, ரேகா வந்தான், ரேகா சொன்னான் என்று முழுக்க அடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத்தான் அச்சுப்படி என் கைக்கு வந்தது.

“இன்னா லோகு, இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்துனு இருக்க, ரேகாவ வந்தான்னு போட்டுட்டியே!”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “மன்னிச்சிடுக்கா. ஒரே நிமிஷம். எல்லாத்தையும் ஒரே தட்டுல மாத்திடறேன்.”

மாற்றினார். ‘அவன்’ இருந்த இடமெல்லாம் ‘அவள்’. ‘ான்’ இருந்த இடமெல்லாம் ‘ாள்’. திரும்பப் படி எடுத்துப் பார்ப்பதற்குள் ஐந்தேமுக்கால் ஆகிவிட்டது. முதலாளி தாளைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். “முதலாளி, பத்து நிமிஷம்” என்று கெஞ்சினேன். “ஆறுக்கு மேல நீ தொட்டு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இயந்திரம் ஓடி முடிந்து கட்டுகள் ஆட்டோவில் போய்விட்டன. செவ்வாய் மதியத்துக்குள் எல்லாக் கடையிலும் தொங்கியது.

ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தேன். “அண்ணாமலையாள் மேல் ஆணை! நாள் பொய் சொல்லவில்லை. அப்போதுதாள் வாள் அதிர்ந்தது” என்று இருந்தது. நான் எல்லாம் நாள். தான் எல்லாம் தாள். வான் வாளாகியிருந்தது. மரியாதை கொடுக்காமல் எழுதிய பேய் வாத்தியார் இரண்டாம் பாகம் முழுக்கப் பெண்ணாகி, “பயங்கரமாகச் சிரித்தாள்.” அந்த உச்சக் காட்சிக்குப் போனேன். பேய் கூப்பிடுகிறது. ரேகா எழுந்து நிற்கிறாள்.

“அவள் வரவில்லை ஐயா. நாள் வந்திருக்கிறேன்.”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பற்றி எழுதியும் சொல்லியும் தப்பு செய்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் உட்கார்ந்து அழுததில்லை. அன்று பசை டின்மேல் உட்கார்ந்து அழுதேன். அவள் வரவில்லை என்று ரேகாவே சொல்வதை அந்தப் பிள்ளை படித்தால் மறுநாள் என்ன செய்யும்?

முதலாளியின் கவலை வேறு. “அண்ணாமலையாளா! ஊருக்குள்ள இருக்க விடுவாங்களா நம்மள?” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பயந்தபடியே மூன்று மணிக்குக் கோயில் குருக்கள் ஒருவர் நாவலோடு வந்தார். விழா அழைப்பிதழுக்கு எங்களிடம்தான் வருவார். முதலாளி எழுந்து நின்றார். நான் லோகுவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“நாப்பதாம் பக்கம்” என்றார் குருக்கள். “அமாவாசை மத்தியானம்னு ஆரம்பிக்கறது. சாயங்காலம் பார்த்தா நிலா எழும்பறது. அமாவாசையன்னிக்கு நிலா எங்கேர்ந்தும்மா வந்தது? குழந்தைகள் படிக்கிற புஸ்தகம், திதியாவது சரியா இருக்க வேண்டாமா?”

“அது மட்டும்தானுங்களா சாமி?” என்றார் முதலாளி.

“வேற என்ன?”

முதலாளியால் வாயை அடக்க முடியவில்லை. அவரே பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். குருக்கள் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். “பாதி சரி” என்றார். “இடப்பாகம் அம்பாள்தானே. நிலாவைத் திருத்துங்கோ” என்று புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்.

அதோடு முதலாளிக்கு உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. மறுநாள் காலை ஒரு பிரதியில் சிவப்பு மையால் முழுக்கத் திருத்தி எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். தேவகி வீட்டுக்குப் போனபோது பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டிருந்தது. புத்தகம் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டதாம். “படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல. பென்சில எடுத்துனு ஏதோ பண்ணிக்கினே இருந்துது” என்றார் தேவகி. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு அவரும் என்னோடு வந்தார்.

பள்ளியில் முதல் மணி அடித்திருந்தது. வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். கணக்கு வாத்தியார் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் வந்தது. தேவகி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்த அந்தப் பெயர் வந்தது.

வாத்தியார் ஆப்சென்ட் போடப் பேனாவை எடுத்தார்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்தது. தலைமுடியைக் கழுத்துவரை வளர்த்திருந்தது. “அவன் வரல சார். நான் வந்திருக்கேன்.”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற எங்களைப் பார்த்தார். “தேவகிம்மா, இவங்க யாரு?”

“இவங்கதான் சார் அந்தக் கதைய எழுதினவங்க.”

வாத்தியார் எழுந்து வாசலுக்கு வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த எங்கள் நாவல் கையில் இருந்தது, முந்தின நாள் மாலைச் சிறப்பு வகுப்பில் யாரிடமோ பறிமுதல் செய்தது. “நானும் படிச்சேங்க. ஒரு சந்தேகம். போன மாசம் அந்தப் பேய் வாத்தியார் ஆம்பளை. இந்த மாசம் பொம்பளை. கதையில ஒருத்தரும் ஏன்னு கேக்கவே இல்லையே?”

“அச்சுப்பிழைங்க சார்” என்றேன்.

“அப்படியா? நான் அவங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சு மேல படிச்சிட்டேன்.”

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவேட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “வராதவன் கதை எனக்கு எதுக்கு. நீ வந்திருக்க இல்ல?”

“வந்திருக்கேன் சார்.”

“உக்காரு” என்று வந்ததற்கான கோடு போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

தாமரை என்னைப் பார்க்க வந்தது இடைவேளையில். தன் பிரதியைக் காட்டினாள். பென்சிலால் அத்தனை ‘நாள்’களையும் ‘நான்’ ஆக்கியிருந்தாள், உச்சக் காட்சியில் அந்த ‘அவள்’ஐ ‘அவன்’ ஆக்கியிருந்தாள், என் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. “மொத ரெண்டு பக்கம் புரியலக்கா. அப்புறம் எல்லாமே அப்படியே இருந்துதா, கண்டுபிடிச்சிட்டேன். ஆனா அண்ணாமலையாள மட்டும் மாத்தல.” பேயையும் மாற்றவில்லை என்று புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. தினமும் அதே பதிலைச் சொன்னாளாம். ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் அதையே சொல்ல ஆரம்பித்து, பெயர் கூப்பிடவே ஒரு பீரியட் போகிறது என்று வாத்தியார் அச்சகத்துக்கு போன் செய்தார். மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், நல்லது என்று வைத்துவிட்டார்.

ஹால் டிக்கெட் வந்தது. தேவகி எடுத்து வந்து காட்டினார். அதில் பழைய பெயர்தான் இருந்தது. பெயர் மாற்ற அலைவதற்கெல்லாம் அப்போது நேரம் இல்லை. தேர்வு அறையில் பெயரைக் கூப்பிட்டபோது தாமரை என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினாள், கூடுதல் தாள் வாங்கினாள்.